ஹதாத் அங்கிளின் பக்கத்தில் நின்ற படம்

மெல்பேர்ண்
2-8-1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை யோகராணி எழுதுவது. போன வருஷக் கலவரத்தில் கொழும்பை விட்டுக் கப்பலில் யாழ்ப்பாணம் போன பிறகு உங்களுக்கு வேலை ஏதும் கிடைத்ததா? உங்கள் கடிதம் வராத நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. இந்தக் குளிரில் படுக்கையை விட்டு எழும்புவதே அரிது.

என் தையல் கடை முதலாளி ஹதாத் அங்கிளைப் பற்றி முன்பும் எழுதினேன். லெபனானில் பிறந்த அராபியர். அம்மா மயங்கி விழுந்த அன்று தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர் அவர்தான். வருகிற சனிக்கிழமை நகரசபைத் தேர்தலில் நிற்கிறார்.

போன கிழமை அவரைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். படத்துக்கு என்னையும் அவர் பக்கத்தில் நிறுத்தி, இங்கே வேலை எப்படி என்று கேட்டார்கள். பெரியவர் நிற்கும்போது நான் எப்படி முந்திக்கொண்டு பேசுவது? வீட்டுக்கு மாமா வந்தால் நிற்பேனே, அப்படியே தலையைக் குனிந்து நின்றேன்.

படம் வந்தது. முதலாளிக்குப் பயந்து நிமிர்ந்தும் பார்க்காத சிறுமி என்று கீழே போட்டிருந்தார்கள். படிக்கவேண்டிய பிள்ளைகளை அராபியர் அடைத்துவைத்து வேலை வாங்குகிறாராம். எனக்குப் பதினேழு வயது. அம்மாவைப் பார்க்க நானேதான் படிப்பை விட்டேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அன்றிரவே கடைக் கண்ணாடியை உடைத்து, நாட்டை விட்டுப் போ என்று சுவரில் எழுதிவிட்டார்கள். அவருக்கு வாக்குக் கேட்டுத் திரிந்தவர்களும் இப்போது வருவதில்லை. அங்கிள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. வழக்கம்போல என் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் தந்தார். எனக்குத்தான் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்த அங்கிளின் மனைவி, அன்ரி, என் கையைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கடைசிக் கூட்டம், அங்கே எல்லோரையும் நிமிர்ந்து பார்த்து உண்மையைச் சொன்னால் போதும், மகளே என்று கேட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "கொழும்பிலை வாய் திறந்த ஆக்களின்ரை வீட்டைத்தான் முதல் எரிச்சவங்கள். உன்ரை முதலாளி தன்ரை ஆக்களோடை சமாளிப்பார். நீ பேசாமல் இரு பிள்ளை," என்றார். சொல்லிவிட்டு எழும்பிப் போய், கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

அண்ணா, நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு எழும்பாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மண்டபத்துக்கு எந்த பஸ் போகும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

இது உங்கள் கையில் கிடைக்கும்போது வெள்ளிக்கிழமை எப்போதோ போயிருக்கும். நான் போயிருந்தால், அப்பாவின் கோபம் ஆறும்படி அவருக்கு நாலு வரி எழுதுங்கள். போகாமல் இருந்திருந்தால், ஹதாத் அங்கிள் எப்படி இருக்கிறார் என்று இனி எந்தக் கடிதத்திலும் என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள் ஆசியை வேண்டும்,
தங்கை
யோகராணி