நாலு விரல் அகலம்

ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். என் உடம்பு, கண்ணைத் தவிர, சொன்னபடி கேட்கிறது. இந்த வாரம் இடது கண்ணில் அறுவை சிகிச்சை. கட்டுப் பிரிக்கும்வரை உன் சித்தி வீட்டில் இருப்பேன். போனில் சொன்னால் "சொல்லும்மா, சொல்லும்மா" என்று அவசரப்படுத்துவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகளின் படம் கிடைத்தது. சின்னவளுக்கு முன்பல் விழுந்த அழகே அழகு. பெரியவன் பின்னால் எழுதியிருப்பது கோழிக் கிறுக்கல். எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரீகள் பார்த்திருந்தால் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பார்கள். அவனிடம் சொல்.

மேல்வீட்டு டாக்சிக்காரர் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். அதற்குச் சார்ஜ் ஏற்ற, தன் பால்கனியிலிருந்து என் ஜன்னல் வழியாகக் கொடிக்கயிறு போல ஒரு வயரைத் தொங்கவிட்டார். மழைக்காலம். குடியிருப்போர் சங்கத் தலைவி என்ற முறையில் அதை எடுக்கச் சொன்னேன். "பெரியம்மா, வண்டி ஓடினாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும். கொஞ்ச நாள் கண்டுக்காம இருங்களேன்" என்று கெஞ்சினார். கண்டுகொள்ளாமல் இருக்க எனக்கு வராது. மாநகராட்சியில் முறையாக அனுமதி வாங்குங்கள், கீழே அப்பாவின் கார் நின்ற இடத்தையே உங்களுக்கு விடுகிறேன் என்றேன். அவர் மனைவி கர்ப்பிணி. நானும் கல்மனசுக்காரி இல்லை.

அதிகாரி டேப்போடு வந்தார். சார்ஜர் பெட்டி வைத்த பிறகும் வண்டி நிற்க விதித்த அகலம் மிஞ்ச வேண்டுமாம். மிஞ்சாவிட்டால் அந்த இடம் கணக்கில் சேராது. வரைபடத்தில் காட்டிய நிறுத்துமிடங்களில் ஒன்று குறைந்தாலும் அனுமதி கிடையாது. நம் இடத்தில் தூண் ஒன்று உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறதே, அதனால் நாலு விரல் அகலம் போதவில்லை. "நாலு விரல்தான் மேடம். ஆனா குறைச்சல் குறைச்சல்தானே" என்றார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதரா என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நம் செயலாளரைத் தெரியுமல்லவா, எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பவர்? அவர், "நீங்க கண்ணைக் கவனிச்சுட்டு வாங்க மேடம். வர்றதுக்குள்ள இடம் பண்ணிடுவோம்" என்றார். எதிர்ப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரைத் தள்ளிக் கட்டுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

விடுமுறைக்கு வருவாயா? ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். இனிமேல் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா


புதன்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

கண் நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சித்தி ஊரிலிருந்து திரும்பி வாசலில் இறங்கியதும் தூணைப் பார்த்தேன். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து, பார்க்க ஜோராக இருந்தது. மற்றத் தூண்களைவிட ஒல்லியாகவும் இருந்தது. பக்கத்தில் சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு. அதிகாரி மறுபடி வந்து அளந்து, அகலம் சரி என்று எழுதிக் கொடுத்தும் போய்விட்டார். அவர் அளந்தது தரையைத்தான். நிமிர்ந்து பார்ப்பது அவர் வேலை இல்லையாம்.

"மேல்பூச்சைக் கொஞ்சம் சுரண்டினோம் மேடம், அவ்வளவுதான்" என்றார் நம் "ஆகட்டும்" செயலாளர். பின்பக்கம் கொட்டியிருந்த கழிவில் குச்சியால் கிளறினேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்புக்கம்பி கிடைத்தது. இரண்டு முனையிலும் அறுத்த இடம் பளபளவென்று இருந்தது. சங்கக் கூட்டத்தில் அதை மேஜைமேல் வைத்து, பூச்சுக்குள் கம்பி எப்படி முளைத்தது என்று கேட்டேன். "உங்களுக்கு இப்பத்தானே கண்ணு திறந்திருக்கு மேடம். அதான் பாக்கிறதெல்லாம் புதுசாத் தெரியுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கம்பியைத்தான் காகிதம் பறக்காமல் இருக்க இப்போது இதன்மேல் வைத்திருக்கிறேன்.

என் படுக்கையறை அந்தத் தூணுக்கு நேர் மேலே. குளியலறைக் கதவு மூட மறுக்கிறது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மழை நின்றும் மூடவில்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல். அதன் குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவைத்தேன். கிழிந்தது. வேறொன்று ஒட்டினேன். அதுவும் கிழிந்தது.

மாநகராட்சிக்குப் போனேன். அனுமதி கொடுத்தவர், "நான் பார்க்கிங் மட்டும்தான் மேடம். தூண் வேற பிரிவு" என்றார். வேறு பிரிவில், "அனுமதி குடுத்த இடத்துல குறைன்னு நாங்க எப்படி எழுதுறது? அவங்களைக் கேளுங்க" என்றார்கள். மாடிப்படி ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

வெளியிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளரை நானே வரவழைத்தேன். தூணைத் தட்டிப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. இன்றே முட்டுக் கொடுங்கள், தூணைப் பழைய கனத்துக்குக் கட்டும்வரை எல்லாரும் வெளியே இருங்கள் என்றார். இரும்பு முட்டுகளை இறக்கி நிறுத்தினேன். முட்டு நின்றால் கார் நிற்க இடமில்லை. தூண் பருத்தால் அனுமதி போய்விடும். கூட்டம் போட்டு, கை தூக்கி, முட்டுகளை எடுத்துவிட்டார்கள். டாக்சிக்காரரும் கை தூக்கினார். "நீங்க குடுத்த இடம் பெரியம்மா. குடுத்துட்டுப் பிடுங்கலாமா?" என்று கேட்டார்.

உனக்கு இதெல்லாம் கவலை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்புடன்,
அம்மா


சனிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

நீங்கள் நால்வரும் வருவதாக எழுதியது கிடைத்தது. என் சென்ற கடிதம் கைக்கு வருமுன் எழுதியிருக்கிறாய் போலும். இரண்டு தடவை படித்தேன். பிறகு பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த படுக்கை விரிப்புகளை வெளியே எடுத்து, தோய்த்து, உலர்த்தி, மடித்து, மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன்.

இங்கே வராதே. ஊருக்கு வா, இந்த வீட்டுக்கு வராதே. கடைத்தெருப் பக்கம் நல்ல விடுதி இருக்கிறது, அங்கே அறை எடு. நான் தினமும் வந்து பார்க்கிறேன். பிள்ளைகள் பாட்டி வீடு என்று கேட்டால், வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல். நான் பொய் சொல்லச் சொல்வது இதுதான் முதல் தடவை என்பதைக் கவனி. அவர்கள் வந்தால் ஓடுவார்கள், கட்டிலிலிருந்து தரையில் குதிப்பார்கள். குதிக்காதே என்று ஒவ்வொரு நிமிஷமும் அதட்டுகிற பாட்டியாக அவர்கள் மனசில் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

நேற்று டாக்சிக்காரர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் சுவரைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக் கதவும் மூட மாட்டேங்குது பெரியம்மா" என்றார். கொத்தனார் தூணைச் செதுக்கியபோது விளக்குப் பிடித்ததும் அவர்தானாம். மனைவியை அவள் தாய் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். இன்று காலை பெட்டியோடு போய்விட்டாள். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள். காரை எடுக்கச் சொன்னதற்கு, "எங்க கொண்டுபோய் நிறுத்துவேன், சொல்லுங்க" என்கிறார். அது கீழே பச்சை விளக்கோடு நின்றுகொண்டுதான் இருக்கிறது.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். சித்தியும் அதையே கேட்டுச் சண்டை போட்டுவிட்டாள். மேலே இன்னும் நாலு குடும்பங்கள் இருக்கின்றன. நான் கிளம்பினால், தொந்தரவு போயிற்று, கிழவி மகனோடு போய்ச் சேர்ந்தாள் என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் இருக்கிறவரை காலையும் மாலையும் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன். மூன்றாவது மாடி ஆசிரியை இன்று கதவைத் திறந்தாள். நாளை யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மாநகராட்சிக் கமிஷனருக்குப் பொறியாளரின் கடிதத்தோடு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முறையாகச் செய்யுங்கள் என்று சொன்னவள் நான். அது தவறென்று இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் அதைச் சொன்னவளே முதலில் படியிறங்கிப் போவது அழகில்லை. கட்டிலை மட்டும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டேன். இதை நீ பிடிவாதம் என்பாய். சொல்லிக்கொள்.

பெரியவன் கையெழுத்தில் கொஞ்சம் கவனம் வை. சின்னவளுக்குப் பல் முளைத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. நீங்கள் எல்லாரும் நீண்ட நாள், நோய்நொடியில்லாமல், தரையில் கால் பதித்து நன்றாக இருக்க வேண்டும்.

பதிலை இந்த விலாசத்துக்கே எழுது. சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் அம்மா