மேசையில் நான் வந்து உட்கார்ந்ததும்

மாணவியர் விடுதி, புரூனெக்
ஜனவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஃபியோரென்ஸா அக்காவுக்கு,

டூரினில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். அறையில் எப்போதும் என் அறைத்தோழி யூட்டா இருக்கிறாள். நடையில் பாதி விடுதி நிற்கும். எல்லோரும் வீட்டில் ஜெர்மன் பேசுகிறவர்கள்தான், ஆனாலும் நம் இத்தாலியன் நன்றாகவே புரியும். ஜெர்மன் கற்றுக்கொள்வதற்கென்றே ஒரு வருடம் ஜெர்மன் பள்ளிக்கு வந்தவளுக்கு, ரகசியமாகப் புலம்ப ஒரு மொழி இல்லை. இந்தக் கொடுமையை நீயாவது சிரிக்காமல் படி.

வகுப்பில் குறை ஒன்றுமில்லை. இலக்கணப் பரீட்சையில் நான்தான் முதல். ஓபர்ராவுக் டீச்சர் என் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டி, "போல்சானோவுல இருந்து வந்த புள்ள எப்படி எழுதுது பாருங்க. நீங்களும்தான் எழுதுறீங்க, மாட்டை ஓட்டிக்கிட்டே எழுதின மாதிரி" என்றார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மணி அடித்ததும் அதே டீச்சர் வாசலில் நின்று பிள்ளைகளோடு மலைப்பேச்சில், அதாவது இந்த ஊர்க் கொச்சை ஜெர்மனில், வெளுத்துக் கட்டுகிறார். எனக்கு நாலு வார்த்தை பிடிபட்டால் பெரிது. ஆறு வயதிலிருந்து நான் மாங்கு மாங்கென்று படித்த ஜெர்மன் இங்கே தாளில் மட்டும்தான் இருக்கிறது. பேச ஆள் இல்லை.

சாப்பாட்டு மேசையில்தான் வயிறு எரிகிறது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்ததும் பேச்சு இத்தாலியனுக்கு மாறிவிடும். சிரித்த விஷயம் பாதியில் நிற்கும். யாராவது சூப்பில் உள்ள ரொட்டி உருண்டை பிடித்திருக்கிறதா என்று என்னை விசாரிப்பார்கள். ஒருநாள் யூட்டாவிடம் கெஞ்சியே கேட்டேன், ஜெர்மனிலேயே பேசுங்கள் என்று. "ஐயோ, உன்கிட்ட புத்தக ஜெர்மன் பேசினா இன்ஸ்பெக்டர் முன்னாடி நிக்கிற மாதிரி விறைச்சுப் போயிடுதுடி. எங்க பேச்சு உனக்குப் புரியாது. இத்தாலியன்னா எல்லாருக்கும் சுகம்" என்றாள். மரியாதைக்காகத்தான் செய்கிறார்கள் அக்கா. விருந்தாளியைச் சிரமப்படுத்தக் கூடாதாம். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுத் தொலைத்திருப்பேன்.

சண்டையும் போட்டேன். போன வாரம் யூட்டா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சாக்லேட் கொடுத்தாள். இத்தாலியன் பாடத்தில் பத்துக்கு எட்டு வாங்கிவிட்டாளாம். "நீ வந்த நேரம்டி, எனக்கு வாய் திறந்துடுச்சு" என்றாள். ஜெர்மன் கற்க வந்த என்னை வைத்து அவள் இத்தாலியன் கற்றுக்கொண்டிருக்கிறாள். எல்லோர் முன்னாலும் கத்தினேன். ஜெர்மனில்தான் கத்தினேன், ஒரு வினைச்சொல்கூட இடம் மாறாமல். நான் முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த புர்கி, "ரேடியோ வானிலை அறிக்கை முடிஞ்சுதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்கூடச் சிரித்துவிட்டுத்தான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அம்மா கையெழுத்துப் போட்டால் நம் ஊர்ப் பள்ளிக்கே திரும்பிவிடலாம். அதற்குப் பிறகு என்றால் வருடத்தை இங்கேயேதான் முடிக்க வேண்டும்.

அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அதற்குள் அவளே வேலை பார்க்கும் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில், "தலைமை நர்ஸ் பக்கத்துலதான் இருக்காங்க, ரெண்டு வார்த்தை ஜெர்மன்ல பேசு கண்ணு" என்று போனை ஷ்டேகர் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். நான் இரண்டு வாக்கியம் பேசினேன். மூன்றாவதற்கு அந்த அம்மாள் தன்மையாக இத்தாலியனுக்கு மாறிவிட்டார். பிறகு அம்மாவிடம், "உங்க பொண்ணு அருமையா பேசுறா" என்றது எனக்கும் கேட்டது. அம்மா போனைத் திரும்ப வாங்கினாள். "நம்ம வீட்ல ஒருத்திக்காவது வாய் திறந்துச்சே" என்றாள்.

உனக்குத் தெரியும், இத்தாலியன், ஜெர்மன் இரண்டும் வரும் என்ற இருமொழிச் சான்றிதழ் இல்லாமல் அங்கே வேலை நிரந்தரமாகாது. எழுத்தில் தேறிவிடுகிறாள், நேர்முகத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இலையுதிர் காலத்தில் மறுபடியும் எழுதப்போகிறாளாம். "நீ முடிச்சுட்டு வந்து எனக்குப் பேசச் சொல்லிக்கொடு" என்கிறாள். நான் எதைச் சொல்லிக்கொடுப்பேன்?

உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு அக்கா, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சான்றிதழே வேண்டாம் என்று நீ டூரினுக்கு ரயில் ஏறிவிட்டாய். அம்மாவுக்கு மிச்சம் நான் ஒருத்திதான். நீ போனது தப்பென்று சொல்லவில்லை. எனக்கும் அப்படி ஏறத் தெரிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

நான் திரும்பிவருகிறேன் என்று அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டாள். "சரி கண்ணு, வந்துடு" என்பாள். கையெழுத்தும் போட்டுவிடுவாள். போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

நீ சொன்னால் திட்டுவாள். நீ ஓடிப்போனதையும் சேர்த்துத் திட்டுவாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கூப்பிடு அக்கா. உனக்குக் கோடிப் புண்ணியம். அவள் திட்டி முடிக்கும்வரை மட்டும் போனை வைத்துவிடாதே.

உன் தங்கை,
லெடிட்சியா