ஒளித்துவைத்த சரக்கு

5 ஜூன் 1999, சனி
விடாத மழை. வியாழனன்று கலூர் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் பெண் ரஹ்மத் என் கம்ப்யூட்டரில் புது டிஸ்க் மாட்டிப் போனதிலிருந்து தேதி தவறு. கடைக்குப் போன் செய்து வழி கேட்டு, கம்ப்யூட்டர் எழும்போது சாவி தட்டினால் வரும் நீலத்திரைக்குப் போய் நானே திருத்தினேன். அங்கே ‘கேஷ்’ என்று இரண்டு வரி. மற்றவர்கள் பணம் என்று படிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, cache; ஒளித்துவைத்த களவுச் சரக்கு என்று பொருள். கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித் தந்தது. என் வீட்டில் அதெதற்கு? இரண்டையும் அணைத்தேன்.

7 ஜூன், திங்கள்
துணி காயவில்லை. கம்ப்யூட்டர் எழ பதினோரு நிமிடம்! முன்பு ஒன்றுகூட ஆகாது. ‘லோடிங்’ என்ற சொல்லுக்குப் பின் புள்ளிகள் சொட்டுச்சொட்டாக. மிளகு மண்டிக்கு டைப் செய்து தரவேண்டிய மூன்று கடிதம் பாக்கி. சந்தேகமேயில்லை, ரஹ்மத் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டாள். கலூர் கடை முதலாளிக்குக் கடிதம். ‘திருட்டு’ என்றே எழுதினேன். கையோடு ஆட்டோவில் கொடுத்தனுப்பினேன்.

9 ஜூன், புதன்
காலையில் ரஹ்மத், நனைந்து, வாசலில். “வேலை போயாச்சு அம்மா. என்ன எடுத்தேன்னு உங்க முன்னாடியே திறந்து காட்டறேன்.”

மூடியைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. பிறகு நீலத்திரை.

“அள்ளாஹ்! கேஷ் ரெண்டும் ஓஃப்! யாரு செய்தது?”

“நான்தான்.”

“எதுக்கு அம்மா?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

“களவுச் சாமான் இல்லம்மா. ப்ராசசர் அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்ட வெச்சுக்கற இடம். அது இல்லேன்னா ஒவ்வொண்ணுக்கும் தூரப் போய் எடுத்துட்டு வரணும். பின்னே எப்படி ஓடும்?”

இரண்டையும் திரும்பப் போட்டாள். நாற்பது விநாடியில் எழுந்தது. எண்ணினேன்.

சாயா குடிக்கச் சொன்னேன். “வேண்டா” என்று செருப்பை மாட்டினாள்.

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. அறுபத்தெட்டு வயது. ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

10 ஜூன், வியாழன்
கலூர். பஸ்ஸில் நின்றே வந்தேன். கடையில் எல்லோர் முன்னிலும் இரண்டாம் கடிதத்தை உரக்கப் படித்தேன்: ரஹ்மத் எதையும் எடுக்கவில்லை, கெடுத்தது நான்.

முதலாளி நெளிந்தார். “கம்ப்யூட்டர் சரியாச்சுல்லே? போதும் அம்மா. வேற ஆளை எடுத்தாச்சு.”

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். “அவளைத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லிப் போன் பண்ணுங்க. பிறகுதான் எழுந்திருப்பேன்.”

“கடை பூட்டணும் அம்மா.”

“பூட்டிக்கோங்க.”

ஸ்டூலில் உட்கார்ந்தே இதை எழுதுகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். இப்போது போனை எடுக்கிறார்.