ஆடித் தள்ளுபடியில் மதினி

ஏங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கறி எடுக்கப் போகிறேன்.

நேற்று நான் திருநெல்வேலிக்கு ஆடித் தள்ளுபடிக்குப் போனதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். அங்கே நடந்ததைக் கேளுங்கள். அம்மாடி, அது கடையா! ஒரு மாடி முழுக்கச் சேலை, ஒரு மாடி முழுக்கப் பாத்திரம். நம்ம ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமே உள்ளே வந்துவிட்டதோ என்று மலைத்துப்போனேன். போர்வைகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதில் ஒரே ஒரு நீலக் கம்பளி. நான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மறுமுனையை யாரோ இழுக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால், உங்கள் ராயகிரி அக்கா!

வீட்டைப் பாகம் பிரித்த அன்று கோபித்துக்கொண்டு நம் படி இறங்கிப் போனவர். இருவருமே கையை எடுக்கவில்லை.

“தம்பிக்கா எடுக்கே?” என்றார். தலையாட்டினேன்.

“அவனுக்குப் பனி ஆகாதுல்லா. நீயே வச்சுக்கோ, பிள்ள.”

அவரே மடித்து என் கூடையில் வைத்தார். அத்தனை சனத்துக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வாங்க மதினி என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு மத்தியானம் வருகிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டி வாருங்கள்.

வடிவு

கோபப்படாதீர்கள். நீங்கள்தான் வரச் சொன்னதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் வருகிறேன் என்றார்.