இரண்டேகால் மணிப் படம்

7 அக்., செவ்வாய்

காலை ஐந்தே முக்கால். புழுக்கம். இலை அசையவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்தாயிற்று, செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்று.

இந்த நோட்டு எதற்கென்றால், போன வியாழன் வேலை முடிந்து வரும்போது ஓடைப்பாலத்துப் பனையில் இடி விழுந்தது. எனக்கும் பனைக்கும் மூன்று கரண்டுக் கம்ப தூரம் இருக்கும். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. சைக்கிளோடு விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. வீட்டுக்காரரிடம் கல் தடுக்கியது என்று சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் இவர் வேலையை விடச் சொல்வார்.

விட முடியாது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு. ஏழு மணிக்கு முதல் நோயாளியை மெஷினில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் பஸ் காலை எட்டு இருபதுக்கு. மதியம் இரண்டரைக்கு வேலை முடிகிறது, திரும்புகிற பஸ் ஐந்தரைக்கு. ஆகவே சைக்கிள். பதினொரு கிலோமீட்டர், அதில் கடைசி ஒன்றரை மண்பாதை. இரண்டு பக்கமும் வெறும் கரிசல். ஒதுங்க ஒரு கூரை கிடையாது.

இன்று முதல் மூன்று வானிலைத் தளங்களைப் பார்த்து எழுதப் போகிறேன். எது சொன்னது, என்ன நடந்தது.

போ = போனோடு வந்தது. சூரியன், மேகம் படம் போட்டுச் சதவீதம் சொல்லும்.
கா = காற்றை அம்புக்குறியில் காட்டுவது. மணிக்கு மணி.
மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை.

8 அக்., புதன்

போ: மழை 70. கா: மாலை ஆறுக்கு மேல் தூறல். நடந்தது: ஒரு சொட்டு இல்லை. மழைக்கோட்டுக்குள் வெந்துபோய் வந்தேன்.

பேச்சியக்கா வழியெல்லாம் சிரிப்பு. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் துப்புரவு வேலை, ஐம்பது வயது, எங்கள் ஊரைத் தாண்டி அடுத்த ஊர். ஆறு வருடமாகச் சேர்ந்துதான் மிதிக்கிறோம்.

"ஏத்தா மல்லிகா, மழை வந்தா நனைவோம், வெயில் வந்தா காய்வோம். இதுக்குப் போயி போனு என்னத்துக்கு?"

இடி விழுந்ததை அவளிடமும் சொல்லவில்லை. அன்று அவளுக்கு லீவு.

பகலெல்லாம் ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறேன். ஊசி குத்தும்போது மட்டும் பார்ப்பதில்லை.

10 அக்., வெள்ளி

போ: 10. "இன்னைக்கு இல்லக்கா, கோட்டு வேணாம்" என்றேன். அவளும் வைத்துவிட்டு வந்தாள்.

மண்பாதையில் திரும்பியதும் கொட்டியது. கால் மணி நேரம். கரிசல் மண் டயரில் ஏறி மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டு நடந்தோம். தூரத்தில் இடி உருளும்போதெல்லாம் நான் குனிந்தேன். அக்காவின் பையிலிருந்த ஒரு மாதப் பிரஷர் மாத்திரை முழுக்க நனைந்துவிட்டது.

"ஒன் போனைத் தூக்கி ஓடையில போடு. ஒஞ் சொல்லைக் கேட்டு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

 அவள் ஊருக்குத் திரும்பும் இடத்தில்கூட வாரேன் என்று சொல்லவில்லை.

எங்கள் விதைப்புக் காட்டில் வெறும் தூறல்தானாம். ஞாயிற்றுக்கிழமைதான் மக்காச்சோளம் விதைத்தோம், புழுதியில். இவர் வரப்பில் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். "இந்த மழை வராமலே இருந்திருக்கலாம். வெத பாதி முழிச்சிருக்கும், தண்ணியில்லாமச் செத்துப்போகும்."

எனக்கு மழை வேண்டாம். இவருக்கு வேண்டும். ஒரே வீட்டில்.

11 அக்., சனி

மூன்றாவது கிடைத்தது.

பந்தல்குடி செல்வம், லாரி டிரைவர், முப்பத்தாறு வயது, வாரம் மூன்று நாள் எங்கள் மெஷினில். முன்பு தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றியவர். நான் போனை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, சதவீதம் பாக்காதிய. ராடாரு பாருங்க. உப்புக்குத் தார்ப்பாய் எப்பப் போடணும்னு நாங்க அதத்தான் பாப்போம்."

நிலப்படம். அதன்மேல் பச்சை, மஞ்சள், சிவப்புத் திட்டுகள். பச்சை தூறல், சிவப்பு கொட்டுகிற மழை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் மாறும். திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

"இது நாளைக்கு என்னன்னு சொல்லாது. இப்ப எங்க பெய்யிதுன்னு மட்டும் சொல்லும். அது போதும்க்கா. ஓரத்துல மணி போட்டிருக்கும், அத மட்டும் மறந்துறாதிய. படம் எப்பவும் பழசுதான்."

ரா = ராடார்.

பேச்சியக்கா இன்று தனியாக முன்னால் போய்விட்டாள்.

13 அக்., திங்கள்

கண்டுபிடித்தது:

போ இத்தனை நாளும் மதுரை வானத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் ஊரை மாற்றவே இல்லை. திருச்சுழி என்று மாற்றினேன்.

முப்பது சதவீதம் என்றால் மழை கொஞ்சமாகப் பெய்யும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். இதே மாதிரி பத்து நாள் வந்தால் மூன்று நாள் பெய்யலாம். எந்த மூன்று நாள் என்று அதற்கும் தெரியாது.

கா காற்றுக்கு நல்லது. திருப்பத்தில் எதிர்க்காற்று என்றது, சரியாக இருந்தது. காலையில் பத்து நிமிடம் முன்னால் கிளம்பினேன்.

ஆக: முந்தின நாள் சாயங்காலம் போ, கோட்டு எடுப்பதற்கு. காலையில் கா. கிளம்பும் முன் இரண்டேகாலுக்கு ரா. எதுவும் தனியாக உதவாது.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர், "போனு என்ன சொல்லுது?"

"புதன்கிழமை அறுபது."

"பெய்யுமா பெய்யாதா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன மயித்துக்கு அதப் பாத்துக்கிட்டு?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். விதையைப் பற்றிய பயம். எனக்குப் புரிகிறது. மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

15 அக்., புதன்

எழுத வருகிறதா பார்க்கிறேன்.

காலையில் போ 60, கா மதியம் மூன்றுக்கு மேல் காற்று மாறும் என்றது. கோட்டு எடுத்தேன். பேச்சியக்காவிடமும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டேகால். ரா திறந்தேன். காரியாபட்டிக்கு மேல் சிவப்பு. நடுவில் கறுப்பாகவே ஒரு புள்ளி. முந்தின படத்தில் அது இன்னும் வடக்கே இருந்தது. நேராக நம் பக்கம். ஓரத்து மணியைப் பார்த்தேன்: ஒன்று ஐம்பத்தைந்து. இருபது நிமிடம் பழசு. அப்படியானால் இப்போது?

கீழே ஓடினேன், அக்காவை நிறுத்த. வாட்ச்மேன், "அது ரெண்டு மணிக்கே போயிருச்சேம்மா, பர்மிசன் போட்டு" என்றார்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. பைக்குள் கிடக்கும். ஐந்து முறை.

கணக்குப் போட்டேன். இரண்டுக்குக் கிளம்பினால் இரண்டு ஐம்பதுக்கு மெயின் ரோட்டு விலக்கு. அங்கிருந்து மண்பாதை. மூன்று மணிக்கு நடுக்கரிசலில் அக்கா, சிவப்பும் அங்கே.

விலக்கில் காதர் அண்ணன் டீக்கடை. தளம் போட்ட கட்டடம். நம்பர் இருந்தது.

"அண்ணே, பேச்சியக்கா வருவாக. மண்பாதையில விட்றாதிய. பெரிய இடி வருது."

"மானம் வெளிச்சமாத்தான இருக்கு தங்கச்சி?"

"அண்ணே, நா சொல்றதக் கேளுங்க. கால்ல விழுந்தாவது நிறுத்துங்க."

"சரித்தா, சரி. பாத்துக்கிறேன்."

அடுத்து இவருக்கு. வரப்பில் உட்கார்ந்திருந்தார். சந்தோசமான குரல். "வடக்க கறுக்குது புள்ள!"

"வீட்டுக்குப் போங்க."

"இதுக்காகத்தான ஒக்காந்திருக்கேன்? போயி என்ன செய்ய?"

"அன்னைக்கு நா கல்லு தடுக்கி விழலைங்க. இடி. பனையில விழுந்துச்சு, எனக்குப் பக்கத்துல. ஒங்ககிட்டச் சொல்லல."

 மூச்சு வாங்குகிற சத்தம். நடக்கிறார் என்று தெரிந்தது. "போயிட்டேன், போயிக்கிட்டிருக்கேன். நீ அங்கயே இரு."

இரண்டு ஐம்பத்திரண்டு. காதர் அண்ணன்: "வந்துட்டாக. சைக்கிளப் பூட்டிச் சாவியச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். கண்டபடி வையிறாக." பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "அவ சொன்னான்னு என்னப் பிடிச்சு வைப்பியா? அன்னைக்கும் அவதானய்யா சொன்னா, மழை வராதுன்னு!"

மூன்றுக்கு லைன் போனது. யாருக்கும் போகவில்லை. அக்காவுக்கும் இல்லை, இவருக்கும் இல்லை. டவர் விழுந்திருக்கும் என்றார்கள். ஜன்னலில் நின்றேன். கிழக்கே வானம் ஊதா நிறம். சத்தம் பதினொரு கிலோமீட்டர் தாண்டிக் கேட்டது. மெஷினில் படுத்திருந்த ஒரு நோயாளி அம்மா, "ஏம்மா அழுகுற?" என்றார். அழுவது எனக்கே தெரியவில்லை.

மூன்று நாற்பத்தெட்டுக்கு இவர் நம்பர். "வீட்டுலதான் இருக்கேன்." அவ்வளவுதான் பேசினார்.

நான்கு மணிக்குக் காதர் அண்ணன். "இருக்காக. நல்லா இருக்காக. டீ குடிக்கிறாக."

சைக்கிளை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு ஐந்தரை பஸ்ஸில் வந்தேன்.

16 அக்., வியாழன்

லீவு சொன்னேன். மண்பாதை முழங்கால் சேறு.

பாதையில் பாதித் தூரத்தில் அடையாளக் கல்லுக்குப் பக்கத்து வேம்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. உள்மரம் வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் ஆடுகள், நான்கு. மேய்த்தவர் கண்மாய் மடைப் பக்கம் ஒதுங்கிப் பிழைத்தார்.

அந்த நேரத்தில் அக்கா அங்கேதான் இருந்திருப்பாள் என்று சொல்ல முடியாது. முன்னால் போயிருக்கலாம், பின்னால் இருந்திருக்கலாம். நான்கு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு விதத்தில் அங்கே இருக்கிறாள். அதற்குமேல் கணக்குப் போடவில்லை.

காட்டில் ஈரம் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. இவர் மண்ணை உருட்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி. அதே மழை. அதே மழைதான்.

பிறகு என் முழங்கையைப் பிடித்துச் சிராய்ப்பைப் பார்த்தார். "வேலைய விடுன்னு சொல்லிருவேன்னு பயந்துட்டியாக்கும்?"

"ஆமா."

"சொல்லத்தான் செஞ்சிருப்பேன்." முழங்கையை விட்டுவிட்டு, "இப்பச் சொல்லல" என்றார்.

17 அக்., வெள்ளி

பேச்சியக்கா காலையில் விலக்கில் நின்றாள். இவருடைய சைக்கிளில் போயிருந்தேன், சேர்ந்து மிதித்தோம். ஓடைப்பாலத்தில் வேகத்தைக் குறைத்தாள். அப்புறம், "காதரை ரொம்ப வஞ்சுட்டேன். மன்னிப்புக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"டீக்குக் காசு வேணாம்னாரு. ஒங்கிட்ட நா என்னத்தக் கேக்க?"

"ஒண்ணும் கேக்க வேணாம்க்கா. அன்னைக்கு ஒங்க மாத்திரை நனைஞ்சது என்னாலதான்."

மூக்கைச் சிந்தினாள். மிதித்தாள்.

18 அக்., சனி

காலையிலிருந்து ஏழு போன். ஊருக்குள் கதை பரவிவிட்டது. மல்லிகா போனில் இடி தெரியுமாம். மில்லுக்குச் சைக்கிளில் போகும் இரண்டு பெண்கள், "அக்கா, இன்னைக்குக் கிளம்பலாமா?" காதர் அண்ணன், "கடைக்கு வர்றவுக எல்லாம் கேக்குறாக." இவர், உரம் வைக்கலாமா என்று.

யாரும் நம்பாதபோது இவ்வளவு பயம் இல்லை.

எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன். "காலையில சொல்ல முடியாது. ரெண்டேகாலுக்குப் பாத்துச் சொல்றேன். அதுவும் இருவது நிமிசம் பழசு. மானத்தையும் பாத்துக்கங்க."

போ 40. கா குழப்பம், அம்புகள் நாலு பக்கமும். இவரிடம் உரம் நாளைக்கு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

இரண்டு பதினேழு. ரா. காரியாபட்டிக்குத் தெற்கே ஒரே ஒரு பச்சைப் புள்ளி, பத்து நிமிடம் முன்பு இல்லாதது. ஓரத்தில் மணி இரண்டு. அடுத்த படம் வரவில்லை. கீழே வாசலில் பேச்சியக்கா சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாள். வானத்தைப் பார்க்கவில்லை. என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.