சிங்காரிக்கு ஒரு மாப்பிள்ளை

குத்தம்பாக்கம்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

எழிலரசி எழுதுவது. நானும் நம் மகள் கிருஷ்ணப்பிரியாவும் உங்கள் ஒன்பது நாய்களும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் அங்கே கம்பம் பக்கத்துத் தோட்டங்களில் நல்ல காற்று வாங்கிக்கொண்டு சுகமாகத்தான் இருப்பீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள், “இரு இரு, நாயைக் காட்ட ஆள் வந்துட்டான்” என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று வருகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நாளை விடியற்காலையில் வண்டிக்காரர் சுலைமான் கூண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்களிடம் கிளம்புகிறார். இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். படித்த பிறகு நம் சிங்காரிக்குப் பார்த்திருக்கும் நாயை ஏற்றினால் போதும்.

முதலில் உங்களுக்குப் பிடித்த சமாச்சாரத்தையே சொல்லிவிடுகிறேன். மழை விட்டபாடில்லை. பின்பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கியதிலிருந்து, தண்ணீர் எல்லாம் நம் கொட்டகைக்குள்தான் வந்து நிற்கிறது. அதில் நாய்ப் பீ மிதக்கிறது. இப்படித்தான் எழுதுவேன், அள்ளுகிறவள் நான்தானே. கோழிக்கடையிலிருந்து தலையும் காலும் வாளி வாளியாக வருகின்றன. அதைக் கம்பு மாவோடு போட்டுக் கிளறும்போது எழுகிற வாடை என் விரலிலேயே தங்கிவிட்டது. கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பிடிக்காமல் ஸ்பூனில் சாப்பிடுகிறேன். உண்ணிகளைக் கேட்கவே வேண்டாம். பயறு அளவுக்கு ரத்தம் குடித்து உப்பியவற்றை இடுக்கியால் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டுப் போட்டு, கண்ணை மூடினாலும் அவைதான் ஊர்கின்றன. குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தேன். வெளியே வந்ததை வர்ணிக்க மாட்டேன். அன்றைக்குப் பார்த்து உங்கள் மகள் ஆசையாக இடியாப்பம் பிழிந்து வைத்திருந்தாள். தட்டைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டேன்.

மனுஷ ஜன்மங்கள் இதைவிட மோசம். சோபா நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று செவலைக் குட்டியை வாங்கிப் போனாளே ஒரு ப்ளாட்காரம்மா, அவள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். டெலிவரிக்கு வந்தவரைப் பார்த்து அது உறுமியதாம். கோம்பை நாய் உறுமாமல் கோலாட்டமா ஆடும்? ஆவடியில் நடந்த கண்காட்சிக்கு உங்களுக்குப் பதிலாக நான் போய் நின்றேன். அங்கே ஒருத்தன், தன் நாய்க்குக் கோம்பைக்கே உரிய வாய்க் கறுப்பு போதாது என்று தலைக்கு அடிக்கிற சாயத்தைப் பூசிக் கூட்டி வந்திருந்தான். அந்த வாயில்லா ஜீவன் அதை நக்கி நக்கி நுரை தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கும் ஒரு கோப்பையைக் கொடுத்துக் கை தட்டினார்கள். தூ என்று துப்பிவிட்டு வந்தேன்.

இத்தனை கருமத்தையும் நான் ஏன் இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டேன் தெரியுமா? இந்தக் காரியத்தில் நீங்கள் சுத்தம் என்று நம்பினேன். மற்றவர்கள் கையில் கிடைத்த நாயைக் கிடைத்த நாயோடு சேர்த்துக் குட்டி விற்கிறார்கள். நீங்கள் அப்படி இல்லை. கோம்பை இனத்தில் நல்ல நாய்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன, இனி நெருங்கின ரத்தத்திலேயே சேர்த்தால் இனமே படுத்துவிடும் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வீர்கள். அதைக் கேட்கும்போது, நாற்றத்தையும் மீறி எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

சிங்காரி பருவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை தேடித்தான் நீங்கள் கம்பம் போனீர்கள். பக்கத்துக் கூண்டில் கர்ணன் மூன்று நாளாகச் சோறு தொடவில்லை, ஓயாமல் ஊளையிடுகிறான். “எழிலு, கர்ணன் சிங்காரியோட அம்மாகூட ஒரே ஈத்துல பொறந்தவன். ரெண்டு கதவுக்கும் ரெண்டு ரெண்டு தாப்பா போடு. தப்பித்தவறி ஒண்ணு சேந்துதோ, அவ்ளோதான், அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்” என்று கிளம்பும்போது சொன்னீர்கள். பஸ் ஏறிய பிறகும் போனில் சொன்னீர்கள். சிங்காரிக்குக் கர்ணன் என்ன முறை ஆகிறான் என்று அப்போதே எனக்குள் ஒன்று சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு தாழ்ப்பாள் போட்டேன்.

அங்கே முதலில் பார்த்த கடுவன் நாய், நெஞ்சும் நிறமும் வாய்க் கறுப்பும் அவ்வளவு லட்சணம் என்றீர்கள். ஆனால் அதன் பாட்டியும் சிங்காரியின் பாட்டியும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று தெரிந்ததும் வேண்டாம் என்று உதறிவிட்டு அடுத்த ஊருக்குப் போனீர்கள். கடைசியில், “ஒரு சொட்டு ரத்தம் ஒட்டாத மாப்ள கெடச்சிட்டான்டி” என்று நீங்கள் போனில் கத்திய கத்தலில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது வியாழக்கிழமை காலை.

அன்று மத்தியானம் கௌதம் வந்தார். திருமழிசைப் பக்கம் ப்ளாட்டில் இருக்கிற ஐ.டி. பையன், நம்மிடம் பெட்டைக் குட்டி வாங்கிப் போனவர். அந்தப் பெட்டையை, நம்மிடமே வேறொருவர் வாங்கிப் போன அதன் அண்ணனோடு சேர்த்திருக்கிறார். நான்கு பிறந்து மூன்று செத்துவிட்டன. மீந்ததை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து, அழாத குறையாக நின்றார். குட்டிக்கு மேலண்ணம் பிளந்திருந்தது. நான் உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “ப்யூரா இருக்கணும்னுதான் சார் செஞ்சேன்” என்றார் அவர். அதற்கு நீங்கள் சொன்னது தெருவுக்கே கேட்டது. “யோவ், உனுக்குக் கூறு கீதா? சொந்த ரத்தத்துலயே சேத்தா அதுங்களுக்கு இன்னா கதி ஆவும்னு தெரியாது? அதுங்களுக்குத்தான் வாயி இல்ல, உனுக்கு அறிவு இல்லியா? இனிமே எம் மூஞ்சிலயே முழிக்காத!” என்றீர்கள். பாவம், பெட்டியை என்னிடம் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அன்று சாயங்காலமே உங்கள் அக்கா வேம்புலியம்மாள் திருநின்றவூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பூ, பழம், இனிப்பு. வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாத கிருஷ்ணப்பிரியாவைப் பிடித்துத் தலையில் பூ வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாடி எழிலு, ஒண்ணும் தெரியாத மாரி முழிச்சிகினு கீற? எந்தம்பி லோகு உன்னாண்ட சொல்லல? நேத்தே போன்ல சரின்ட்டான். தையில பரிசம். நம்ம ஹேமநாதனுக்கு இன்னா கொறச்சலு? பஸ் ஸ்டாண்டு வந்து நெலம் வெல ஏறிப்போன நேரத்துல பொண்ண வெளில குடுத்தா நெலமும் வெளிலதான போவும்?” என்றார். நேற்றே என்றால், புதன்கிழமை. அதற்கு மறுநாள்தான் நீங்கள் கௌதமைக் காறித் துப்பினீர்கள்.

சீ, என்ன மனுஷன் மாமா நீங்கள்!

ஹேமநாதனைக் குறை சொல்லவில்லை. அண்ணனூர் கார்ஷெட்டில் வேலை, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. உங்களுக்கு அக்கா மகன், எனக்குச் சின்னம்மா மகன். அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணிச் சுருளோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டவள் நான். இன்றைக்கும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். கிருஷ்ணப்பிரியாவுக்கு அவன் உங்கள் பக்கத்தில் அத்தை மகன், என் பக்கத்தில் மாமன். இரண்டு பக்கமும் முறை பொருந்துகிறது என்று சின்னம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அவர் நீட்டிய இனிப்பை நான் தொடவில்லை. அவனையாவது யாராவது கேட்டீர்களா? ஞாயிறானால் வந்து உட்கார்ந்து போகிறவன், இந்த வாரம் இந்தப் பக்கமே வரவில்லை.

உங்கள் மகள் கத்தவில்லை, அழவில்லை. சின்னம்மா போனதும் பூவை எடுத்துக் கொட்டகைக் கதவில் மாட்டினாள். “எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தவரும்மா அவரு. சிங்காரிக்காக அப்பா ஊர் ஊரா அலையறாரு. எனக்குத் திருநின்றவூரைத் தாண்டலையே” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

கௌதம் விட்டுப்போன குட்டியை நான் மடியில் வைத்து மருந்து ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டேன். விட்டதெல்லாம் மூக்கு வழியாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். வெள்ளிக்கிழமை காலை என் கையிலேயே அடங்கிவிட்டது. அதன் உடம்புச் சூடு ஆறுகிற வரைக்கும் கீழே வைக்கத் தோன்றவில்லை. முன்பு ஒரு தடவை இப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் மாமா. நிர்மல் பெயரை நீங்கள் இந்த வீட்டில் எடுப்பதே இல்லை. நானும் எடுப்பதில்லை. இன்று எழுதிவிட்டேன்.

அவனுக்குத் தலை நிற்கவில்லை, பால் இறங்கவில்லை, வலிப்பு மட்டும் விடாமல் வந்தது. “சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “தூரத்துச் சொந்தம் மேடம்” என்றீர்கள். என் அம்மா பொன்னம்மாளும் நீங்களும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இதில் தூரம் எங்கே இருக்கிறது? எனக்கு அப்போது இருபது வயது. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் தலையை ஆட்டினேன். பிள்ளை ஒரு வயது காணாமல் போய்விட்டான். எந்த நாய் யாருடைய பேத்தி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொன்னீர்கள்.

சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று அந்த டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிருஷ்ணப்பிரியா நல்லபடியாகத்தானே பிறந்தாள் என்று கேட்பீர்கள். பிறந்தாள். அவளைச் சுமந்த மாதமெல்லாம் நான் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. ஒரு குட்டி நல்லா பொறந்துட்டா வம்ச லைன் சரியாயிட்டதா என்று வருகிறவர்களை மடக்குவது நீங்கள்தானே? அதையே நானும் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். எனக்கு வந்த ஆத்திரத்தில், மகளுக்கு இல்லாத நியாயம் இந்த நாய்க்கு மட்டும் எதற்கு, போகட்டும் இவருடைய லைன் என்று கர்ணன் கூண்டின் மேல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். கீழ்த் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். கர்ணன் கதவை முட்டினான், சிங்காரி அந்தப் பக்கம் முனகினாள். கை நகரவில்லை மாமா. உடம்பெல்லாம் கூசியது. பீயை அள்ளுகிற கை, புழுவைத் துடைக்கிற கை, அதைச் செய்ய மட்டும் வரவில்லை. நாய்க்குச் செய்யவே எனக்கு இத்தனை அருவருப்பாக இருக்கிறது. பெற்ற மகளுக்குச் செய்ய உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மேல் தாழ்ப்பாளை மறுபடி போட்டுவிட்டேன். பயப்பட வேண்டாம்.

இப்போது நான் சொல்கிறபடி செய்யுங்கள். இத்தனை வருஷத்தில் நான் உங்களிடம் எதையும் இப்படிச் சொன்னதில்லை. கடுவனைப் பத்திரமாக ஏற்றிக்கொள்ளுங்கள், வழியில் தண்ணீர் காட்டுங்கள். ஊர் எல்லைக்கு வந்ததும் வண்டியை நேராக வீட்டுக்கு விட வேண்டாம், திருநின்றவூருக்கு விடுங்கள். நாய் சுலைமானோடு இருக்கட்டும். நீங்கள் மட்டும் இறங்கிப் போய், கௌதமிடம் சொன்னதை உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டாம். மெதுவாகச் சொன்னாலும் போதும், சொன்னால் சரி. நிலம் வேண்டுமென்றால் நிலத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள், எனக்குச் சம்மதம்.

சொல்லிவிட்டு வந்தீர்களானால் சிங்காரியின் மாப்பிள்ளைக்கு நானே வாசலில் ஆரத்தி எடுப்பேன். உங்கள் நாய்களுக்கு ஒரு குறையும் வராது, என் கையில் தெம்பு இருக்கிறவரை கிளறிப் போடுவேன். சொல்லாமல் வந்தீர்களானால் உங்கள் வீட்டில் ஒன்பது நாய்கள் இருக்கும், நாங்கள் இருவரும் இருக்க மாட்டோம்.

மழையில் நனையாதீர்கள், இருமல் மருந்தைச் சுலைமானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீங்கள் நல்லபடியாக வந்து சேர வேண்டும், எங்கள் பக்கம் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறந்த அக்காவின் மகள்
எழிலரசி