எட்டாவது பாத்தி

பாலோ,
ஏப்ரல் 17

மகள் ஷர்மைனுக்கு,

உன் புல் ஜெயித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை டிராக்டர் விட்டு அதை உழுதுபோட்டேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் தபாலில் எழுதுகிறேன். நாங்கள் சுகம். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, அது வேறு.

படிக்க பெர்த்துக்குப் போகுமுன் எட்டுப் பாத்தியில் வேர்ப்பூஞ்சை கலந்த மண்ணைப் போட்டுவிட்டு, உரம் வைக்கக் கூடாது, ஜூன் மாதம் வேரை அளந்து கொடுத்தால்தான் எனக்குப் பட்டம் என்றாய். வேருக்கு எட்டாத ஈரத்தையும் சத்தையும் பூஞ்சை இழுத்துக் கொடுக்கும், பதிலுக்குப் புல் அதற்குச் சர்க்கரை கொடுக்கும் என்று விளக்கமும் சொன்னாய். நல்ல வியாபாரம்தான் என்று தலையாட்டினேன். நம்பவில்லை.

பிப்ரவரியில் மழை நின்றது. ஏழு வாரம். மூட்டை மூட்டையாக உரம் தின்ற என் புல் பழுத்துப்போனது. உன்னுடையது பச்சையாக நின்றது. தண்ணீர் விடும் வெள்ளையம்மா இரண்டிலும் ஒரு கொத்துத் தோண்டி எடுத்து வந்தாள். என் புல்லின் வேர் விரல் நீளம், உன்னுடையது முழங்கை வரை. "மொதலாளி, இத்தன வருசமா நீங்க புல்ல வளத்தீங்களா, உரக்கடைக்காரன வளத்தீங்களா" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

அதற்கடுத்த வாரம் பத்து பாகாட் ஊரிலிருந்து கனகராஜ் வந்தார். பள்ளித் திடல்களில் காய்ந்ததை எடுத்துவிட்டு நம் புல்லைப் பதிப்பவர், பதினோரு வருடமாகப் புல் வாங்க வேறிடம் போகாதவர். உன் பாத்தியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். "அண்ணே, இதப் போட்டா அடுத்த வருசம் மாத்தவே வேணாம் லா" என்றார். அவருக்குச் சந்தோஷம். நான் கணக்குப் போட்டேன். நம் புல் வருடா வருடம் சாகிறது. அந்தச் சாவில்தான் நீ பெர்த் வரை போய்ப் படிக்கிறாய். அதை உன் ஆராய்ச்சியில் எழுதினாயா?

இருந்தாலும் ஜூன் வரை விட்டிருப்பேன். ஞாயிறு நாங்கள் கோயிலிலிருந்து வந்ததும் நீ போன் செய்தாய். நான் வரவில்லை, ஜொகூர் பாருவிலிருந்து என் சிநேகிதன் தீபன் வந்து தோண்டிக்கொள்வான், எனக்கு வேர் கிடைத்தால் போதும் என்றாய். நீ போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆயிற்று. வேர் போதுமாம்.

செவ்வாய் காலை ஏழு பாத்தியை உழுது முடித்து எட்டாவதுக்குத் திரும்பினேன். உன் அம்மா டிராக்டருக்கு முன்னால் வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல எம்மேல ஏத்துங்க, அப்பறம் புல்லு மேல ஏத்தலாம்" என்றாள். முப்பது வருடத்தில் இன்பராணிக்கு அவ்வளவு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. இன்ஜினை நிறுத்தினேன். அங்கேயே பேசி முடித்தோம்.

ஒரு பாத்தி உன் பட்டத்துக்குப் போதுமா, தெரியாது. போதாவிட்டால் திட்டு. நேரில் வந்து திட்டு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கம்பளி போட்டுக்கொள். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

பேசியது இதுதான்: ஜூன் முப்பது வரை எட்டாவது பாத்தியை நான் தொடமாட்டேன். அம்மா தண்ணீர் விடுவாள், உரம் ஒரு பிடி விழாது. நீயே வந்து உன் கையால் தோண்ட வேண்டும். தீபன் வந்தால் அன்று மாலையே உழுவேன்.

இப்படிக்கு,
அப்பா சந்தனசாமி